அடுப்பு வெளியே, படுக்கை உள்ளே

கச்சிராயபாளையத்துக்கு ராத்திரியில் போயிருக்கிறீர்களா? பகலில் போய்ப் பிரயோஜனம் இல்லை. பகலில் அது, கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர். அவ்வளவுதான். மார்கழியில், கரும்பு அரவை நடக்கிற நாளாகப் பார்த்து, ராத்திரி ஒரு மணிக்குமேல் போகவேண்டும்.

கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது இங்கேதான். கரும்பு ஏற்றிவந்த லாரிகளும் டிராக்டர்களும், எண்ணிக்கையில் குறைந்துவிட்டாலும் அடம்பிடித்து வந்துசேரும் டயர் வண்டி மாடுகளும், எடை மேடைக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால் வெட்டியாகவேண்டும். வெட்டினால் உடனே கொண்டுவந்தாக வேண்டும். வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும். எடை குறைந்தால்? விவசாயியின் கையில் விழும் காசு குறையும். ஆனால் வரிசை எப்போது நகரும் என்பது யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷத்திலும் நகரலாம், பொழுது விடிந்தும் நகரலாம். ஆகவே, வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது. வண்டியோடுதான் தூங்கவேண்டும்.

எப்படித் தூங்குவார்கள்? மாட்டுவண்டிக்காரர் வண்டிக்கு அடியில் கரும்புச் சோகையைக் கனமாகப் பரப்புவார். அதன்மேல் சாக்கு. அதன்மேல் அவர். தலைக்குமேல் ஒரு டன்னுக்குக் குறையாத கரும்பு கூரையாக நிற்கிறது, பனி இறங்காது. லாரிக்காரருக்குக் கேபினில் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை. டிராக்டர்காரர் பாடுதான் திண்டாட்டம். டிரெய்லரின் நிழலில் எங்காவது ஒண்டிக்கொள்வார். குளிர் காய்வதற்கு, வரிசையிலிருந்து பத்தடி தள்ளி, நாலைந்து பேர் சேர்ந்து சோகையைக் கொளுத்தி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பத்தடியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

இப்போது நம் ஊரிலும் வண்டியில் படுத்துத் தூங்குவது ஒரு ஃபேஷன் ஆகியிருக்கிறது. வேனுக்குள் மெத்தை போட்டு, கேஸ் அடுப்பு வைத்து, குடும்பத்தோடு மலையேறுகிறார்கள். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. தமிழர்களுக்குக் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் மேக்கப் போடுகிற ஏ.சி. வண்டி. ஆனால், அந்த வார்த்தையின் பூர்விகம் பாரசீகம். கூட்டமாகப் பயணம் போகும் வியாபாரிகளுக்கு அங்கே 'கார்வான்' என்று பெயர்.

அதே பொருளில் நம்மிடமும் ஒரு பழைய சொல் இருந்தது. சாத்து. கோவலனின் அப்பா பெயர் என்ன? மாசாத்துவான். பெரிய சாத்துக்குத் தலைவன் என்று அர்த்தம். அதாவது, கண்ணகியின் மாமனார் ஒரு கேரவன் முதலாளி!

சாத்துகளிலேயே ரொம்ப சுவாரசியமானவர்கள், உமணர்கள். கடற்கரை உப்பளத்தில் உப்பை ஏற்றிக்கொண்டு, உள்நாட்டுக்கு வண்டி வண்டியாகப் போய் விற்றவர்கள். வியாபாரத்துக்கு ஆண்கள் மட்டும் போய்வரவில்லை, குடும்பமே வண்டியோடு கிளம்பியது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டி ஒன்றின் வர்ணனை வருகிறது. படித்தால் அசந்துபோவீர்கள். வண்டியில் கோழி அடைகிற கூடு இருக்கிறது. சின்ன உரல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காடி வைத்த பானையைக் கயிற்றால் இறுக்கிப் பிணைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டுகிறாள். மாற்று மாடுகளும் கூடவே வருகின்றன. இது போதாதென்று, நடு வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். ஸ்டெப்னி!

இவ்வளவு சாமான்கள் ஏறிய வண்டியில் ஒன்று மட்டும் ஏறவில்லை. அடுப்பு.

அது எங்கே இருந்தது என்பதை அகநானூறு சொல்கிறது. உமணர்கள் வழியில் தங்கி, மாடுகளை அவிழ்த்துவிட்டு, கல் கூட்டிச் சமைத்து, சாப்பிட்டு, கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன அடுப்புக் கற்கள் மட்டும் காட்டுவழியில் கிடக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கேம்ப் சைட். நெருப்பு தரையில், வண்டி தனியே. ஓலையும் மரமுமாக இருக்கிற வண்டிக்குள் யார்தான் நெருப்பு மூட்டுவார்கள்? விஷவாயு பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தீப்பிடிக்கும் என்கிற பயமே போதுமானதாக இருந்தது.

குளிருக்காக நெருப்பை உள்ளே கொண்டுவந்தவர்கள் வீட்டில் இருந்தவர்கள்தான். நக்கீரரின் நெடுநல்வாடையில் ஒரு கூதிர்காலக் காட்சி. விடாமல் தூறல். ஜன்னல் கதவுகளைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீரைத் தொடக்கூட ஆளில்லை. அகன்ற வாயுள்ள 'தடவு' என்கிற சட்டியில் நெருப்பை வைத்துக்கொண்டு குளிர் காய்கிறார்கள். இன்றைக்கு ஒரு டாக்டர் இந்தக் காட்சியைப் பார்த்தால், முதலில் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிடுவார்.

ஆனால் பழைய வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே எப்போதும் காற்று புகுந்து புறப்பட்டுக்கொண்டிருக்கும். கல்வராயன் மலைக்கு மேலே புல் வேய்ந்த பழைய வீடுகளுக்குள் நெருப்பு மூட்டினால், புகை கூரையின் புல் வழியாகவே கசிந்து போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் கூரை மொத்தமும் ஆவி விடுகிற மாதிரி தெரியும். ஓட்டைக் கூரை என்று நாம் கேலி செய்வோம். அந்த ஓட்டைதான் உயிர்.

*

சரி, வண்டிக்குள் நெருப்பு எப்போது ஏறியது?

இங்கிலாந்தில் ஊர் ஊராகத் திரிந்த ஜிப்ஸிகள், 19-ம் நூற்றாண்டின் நடுவில், குதிரை வண்டியையே வீடாக மாற்றிக்கொண்டார்கள். அந்தக் குளிரில் நெருப்பு இல்லாமல் முடியாது. வண்டிக்குள் ஒரு இரும்பு அடுப்பு வைத்தார்கள். ஆனால் வெறும் அடுப்பு இல்லை. கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிற புகைபோக்கியோடு. அது எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதில்கூட ஒரு கணக்கு உண்டு. அங்கேயும் நம்மைப்போல வண்டி சாலையின் இடதுபக்கம் போகும். இடதுபக்கத்தில்தான் மரக்கிளைகள் தாழ்ந்திருக்கும். இடித்துப் புகைபோக்கி உடைந்தால் வம்பு. அதனால் அதை வலதுபக்கமாக, சாலையின் நடுவைப் பார்த்து வைத்தார்கள். புகைபோக்கி போனால் ஆளும் போவான் என்று தெரிந்தவர்களின் வேலை இது.

இந்த வண்டிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரு கனவான், கார்டன் ஸ்டேபிள்ஸ். கப்பற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிக் குவித்தவர். ரயில் பெட்டி செய்கிற பிரிஸ்டல் கம்பெனியில் ஆர்டர் கொடுத்து, இரண்டு டன் எடையில் ஒரு வண்டி செய்துகொண்டார். பெயர் 'தி வாண்டரர்'. இரண்டு குதிரை, ஒரு வண்டியோட்டி, ஒரு வேலைக்காரர், ஒரு பெரிய நாய், ஒரு கிளி. இந்தப் பரிவாரத்தோடு 1885-ல் இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை போனார். எதிரே வருகிறவர்களை எச்சரிக்க, வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவாராம். பிழைப்புக்காக இல்லாமல், சும்மா ஜாலிக்காக வண்டியில் வாழ்ந்த முதல் ஆசாமி என்று இவரைச் சொல்வார்கள். 1907-ல் இங்கிலாந்தில் கேரவன் கிளப் தொடங்கியபோது, அவரையே துணைத் தலைவராக்கினார்கள். அடுத்த சில வருஷங்களில் மோட்டார் வந்தது, குதிரை போனது.

மோட்டார் என்பது என்ன? எரிகிற எஞ்சின். அதுவும் ஓர் அடுப்புதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிற அடுப்பு. அதற்கும் ஒரு புகைபோக்கி உண்டு, நாம் அதை சைலன்ஸர் என்கிறோம்.

புகைபோக்கி அடைத்தால் என்ன ஆகும்? பாரிஸில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வருவோம். 1902 செப்டம்பர் 28 ராத்திரி. எழுத்தாளர் எமிலி ஸோலாவும் அவர் மனைவியும் கோடைக்காலத்தை வெளியூரில் கழித்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார்கள். அறை ஈரமாகச் சில்லென்று இருந்ததால், கணப்பில் நெருப்பு மூட்டப்பட்டது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. நடு ராத்திரியில் இருவருக்கும் உடம்பு சரியில்லை. தலைவலி, குமட்டல். வேலைக்காரர்களை எழுப்பலாமா என்று மனைவி கேட்டார். இதற்குப் போய் எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்வது என்றார் ஸோலா. ஜன்னலைத் திறக்க எழுந்தார். திறக்கவில்லை. தரையில் விழுந்தவர்தான். காலையில் கதவை உடைத்துப் பார்த்தபோது ஸோலா இறந்துபோயிருந்தார். கட்டிலிலேயே கிடந்த மனைவிக்கு உயிர் இருந்தது, பிழைத்துக்கொண்டார். புகைபோக்கி அடைத்திருந்தது. டிரேஃபஸ் வழக்கில் ஸோலாவுக்கு இருந்த எதிரிகளில் யாரோ வேண்டுமென்றே அடைத்தார்கள் என்று 1953-ல் ஒரு பத்திரிகை கிளப்பிவிட்டது. இன்றுவரை அது விவாதம்தான். கொலையோ விபத்தோ, கொன்றது எது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

கார்பன் மோனாக்ஸைடு.

எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காத எந்த நெருப்பும் இதை உண்டாக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. சமையல் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்கென்றே நாற்றம் பிடித்த ஒரு ரசாயனத்தைக் கலக்கிறார்கள். இதற்கு அந்த வசதி இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்துபோகிற ஹீமோகுளோபின் இருக்கிறதே, அதை இந்த வாயு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்குமேல் பலமாகப் பிடித்துக்கொள்கிறது. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி. பிராணவாயு நின்றுகொண்டே இருக்கவேண்டியதுதான். இந்த ரத்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் கிளாட் பெர்னார்ட் என்கிற பிரெஞ்சுக்காரர், 1850-களில். ஆயிரம் பங்கு காற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே, சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். விழித்திருப்பவனுக்குத் தலைவலியாவது எச்சரிக்கை கொடுக்கும். தூங்குகிறவனுக்கு அதுவும் கிடையாது.

1896-ல் வேல்ஸில் டைலர்ஸ்டவுன் என்கிற ஊரில் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. இறந்தவர்களைப் பரிசோதித்த ஜான் ஹால்டேன் என்கிற விஞ்ஞானி, பெரும்பாலானவர்களைக் கொன்றது வெடி இல்லை, அதற்குப்பின் பரவிய இந்த வாயுதான் என்று கண்டார். மனிதனுக்கு முன்னால் இந்த வாயு தாக்குகிற சின்ன ஜீவனாகப் பார்த்துச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகச் சொன்னார். அப்படித்தான் கேனரி பறவைகள் கூண்டோடு சுரங்கத்தில் இறங்கின. பறவை தள்ளாடினால் எல்லோரும் வெளியே ஓடவேண்டும். பிரிட்டனில் 1986-ல்தான் அவற்றுக்கு ஓய்வு கொடுத்து, எலக்ட்ரானிக் கருவிகளைக் கொண்டுவந்தார்கள்.

*

பாரிஸும் வேல்ஸும் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். இது பக்கத்து மாநிலக் கதை.

2024 டிசம்பர் 23. கேரளாவில் வடகரைக்குப் பக்கத்தில் கரிம்பனபாலம். நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கேரவன் ரொம்ப நேரமாக நிற்கிறதே என்று சந்தேகப்பட்டுப் பார்த்தார்கள். உள்ளே அந்த வண்டியின் ஊழியர்கள் இரண்டு பேர் பிணமாக இருந்தார்கள். ஒருவர் படுக்கையில். இன்னொருவர் வாசற்படிப் பக்கம். ஸோலா எழுந்த மாதிரி எழுந்திருப்பாரோ என்னவோ. ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அதன் புகை, வண்டியின் தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்திருக்கிறது. கவனியுங்கள், இது குளிருக்காக மூட்டிய நெருப்புகூட இல்லை. புழுக்கத்துக்காக மூட்டியது.

அதே வருஷம் ஆகஸ்டில் கொடைக்கானல். திருச்சியிலிருந்து போன இளைஞர்கள் கறி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். இருவர் எழுந்திருக்கவில்லை. கரி கங்கு பார்க்கச் சாதுவாக இருக்கும். புகை வராது, ஜுவாலை வராது. 'அதான் அணைஞ்சிடுச்சே' என்று நினைக்கவைக்கும். ஆனால், கார்பன் மோனாக்ஸைடு உண்டாக்குவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உமணரின் அடுப்பு வண்டிக்கு வெளியே. ஜிப்ஸியின் அடுப்பு உள்ளே, ஆனால் புகைபோக்கியோடு. நம்முடையதோ, ஒரு தகரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நாம் தூங்கும்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. கூடவே வண்டியும் மாறிவிட்டது. கூண்டு வண்டியில் காற்று நாலு பக்கமும் புகும். இன்றைய வேனை ரப்பர் பட்டை போட்டு டப்பா மாதிரி அடைத்துவைத்திருக்கிறோம்.

அப்படியென்றால் மார்கழியில் கல்வராயன் மலைக்கு வண்டியில் போய்த் தங்கவே கூடாதா? தாராளமாகப் போகலாம். கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டு, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, வெள்ளிமலைக்கு ஏறலாம். ஜாகீர்தார்கள் கையிலிருந்த அந்த மலை, முழுசாக அரசாங்க நிர்வாகத்துக்கு வந்ததே 1976-ல்தான். அதனாலோ என்னவோ, ஊட்டி மாதிரிக் கூட்டம் இன்னும் சேரவில்லை. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதனால் கீழே ஊரில் சட்டை மட்டும் போதும் என்கிற ராத்திரியில், மேலே கம்பளி கேட்கும்.

வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைப் பிடித்துவிடுங்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டு, சொல்லிவிட்டுத் தங்குவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்க முடியாது. ஓடைக்குள்ளேயும், ஆற்று மணலிலும் வண்டியை இறக்காதீர்கள். மேலே எங்கோ பெய்கிற மழை உங்களிடம் சொல்லிவிட்டு வராது. அடிப்பள்ளமும் வேண்டாம். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கொஞ்சம் மேடான சமதளமாகப் பாருங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்துவிட்டு, அவசரத்துக்கு ரிவர்ஸ் எடுக்காமல் கிளம்புகிற மாதிரி, முகத்தைச் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்துங்கள்.

குளிரில் பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு, போர்வையை மட்டும் கனமாக எடுத்துப்போவது. குளிர் கீழேயிருந்து வரும். மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். கரும்பு வண்டிக்காரர் சோகையைக் கனமாகப் பரப்புகிறாரே, அதன் ரகசியம் சோகைக்கு நடுவே சிக்கியிருக்கிற காற்று. உங்களிடம் சோகை இல்லை என்றால் கனமான ஃபோம் தட்டி, அதுவும் இல்லையா, அட்டைப்பெட்டியைப் பிரித்து நாலு மடிப்பாகப் போடுங்கள். படுப்பதற்குமுன் உடுப்பை மாற்றிக் காய்ந்ததைப் போட்டுக்கொள்ளவேண்டும். குல்லா, சாக்ஸ் கட்டாயம். ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொண்டால், ராத்திரியில் பாதி ஓடிவிடும். 'ஒரு பெக் போட்டா குளிர் தெரியாது' என்பார்கள். வாஸ்தவம், தெரியாது. ஏனென்றால் சாராயம் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, உடம்புச் சூட்டை வெளியே அனுப்பிவிடுகிறது. குளிர் தெரியாதே தவிர, குளிரும்.

ஜன்னலில் எதிரெதிராக இரண்டு இடத்தில் இரண்டு விரல்கடை திறந்து வையுங்கள். 'காசு போட்டு மெத்தை வாங்கி, குளிரை உள்ளே விடுவதா?' என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும். ஒரு ஆள் தூங்கி எழுவதற்குள் மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீரை வெளியே விடுகிறார். நாலு பேர் என்றால் நாலு டம்ளர். அடைத்த வண்டியில் அது தகரத்தில் பட்டு, துளித்துளியாக உங்கள் போர்வைமேலேயே திரும்பி விழும். நனைந்த போர்வை போர்வையே அல்ல. கொஞ்சம் திறந்துவைத்த வண்டிதான் விடியும்போது கதகதப்பாக இருக்கும்.

எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். ஜெனரேட்டர் என்றால் வண்டியைவிட்டுத் தூரமாக, காற்று அதன் புகையை உங்கள் பக்கம் தள்ளாத திசையில் வையுங்கள். தூங்கப் போகும்போது அதற்கும் ஓய்வு கொடுங்கள். ஹீட்டர் வேண்டுமென்றால், வெளிக்காற்றை இழுத்து எரித்து, புகையை வெளியிலேயே விடுகிற வகையாகப் பார்த்துப் பொருத்தி, அதன் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று தலைமாட்டு உயரத்தில் கட்டாயம் இருக்கட்டும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். நம் காலத்துக் கேனரி. மெத்தைக்குச் செலவழிப்பதில் சின்னப் பங்குதான் அதன் விலை. பி.காம். படித்த புத்தி, இதைச் செலவுக் கணக்கில் எழுத மனசு வரவில்லை. சமையல் கேஸ் கசிவைக் காட்டுகிற கருவியைத் தரையோரமாக வைக்கவேண்டும். அந்த கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும். அப்புறம் கரியடுப்பு. கங்கு கறுத்தாலும் அதை வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். ராத்திரியில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலை வலித்தால், பித்தம் என்று நினைக்காதீர்கள். கதவைத் திறந்து எல்லோரும் இறங்கிவிடுங்கள், கூச்சமே படாமல் மற்றவர்களையும் எழுப்புங்கள்.

ஆலை வரிசையை விட்டுவிட்டு வந்துவிட்டோமே. அங்கே வண்டிக்குள் இந்த வாயுத் தொல்லை பெரிதாக இல்லை. அடுப்பு பத்தடி தள்ளி இருக்கிறது. அது வாயுவுக்குப் பயந்து வைத்த பத்தடி இல்லை, கரும்பு பற்றிக்கொள்ளக் கூடாதே என்று வைத்தது. அங்கே ஆபத்து வேறு. வரிசை திடீரென்று நகரும்போது, சக்கரத்துக்கு அடியில் யாராவது அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கலாம். மாடு என்றால் மிரண்டாவது நிற்கும், டிராக்டர் நிற்காது. அதனால் விவரமான டிரைவர் சாவியைத் திருகுவதற்குமுன் இறங்கி, டார்ச் அடித்து, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

"அடியில யாருப்பா? எந்திரி, வண்டி எடுக்கிறேன்!"